மார்பில் கட்டி: ரிப்போட்டை விளங்கிக்கொள்வதும் ஒபரேஷனுக்கு ஆயத்தமாவதும்

அன்பான தாய்மார்களே, சகோதரிகளே, அவர்கள் வீட்டு ஆண்களே,

ஆண்களையும் சேர்த்துக் கூப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் எங்களால் நடந்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னர் ஒரு சம்பள நாள் பின்னேரம். மேல் டிவிசனைச் சேர்ந்த ஒரு அக்கா மடித்த கடுதாசி ஒன்றோடு எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். வயது 46. இருபது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். "ஐயா, ஆஸ்பத்திரியில மார்ல ஊசி குத்தி கொஞ்சம் சதை எடுத்தாங்க. இந்த கடுதாசிய குடுத்து அடுத்த கிளினிக்குக்கு கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சி சொல்லுங்க" என்றார்.

கடுதாசி முழுவதும் ஆங்கிலம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு எங்களுக்கு ஆங்கிலம் வரும். மேலே இருந்த பெரிய பெரிய சொற்கள் எதுவும் விளங்கவில்லை. கீழே மூன்று வரிகளில் மூன்று தடவை 'நெகட்டிவ்' என்று இருந்தது. அது மட்டும் விளங்கியது. சிறுநீர் சோதனையில் நெகட்டிவ் என்றால் ஒன்றும் இல்லை, டெங்கு சோதனையில் நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை. அந்த நினைப்பில், "அக்கா, எல்லாம் நெகட்டிவ். ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லிவிட்டோம். அந்த அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கிளினிக்குக்குப் போகவில்லை. நோய் இல்லாத ஆள் எதற்கு ஒரு நாள் பேரை விட்டுவிட்டு பஸ் ஏறப் போகிறார்?

ஐந்து கிழமை கழித்து, வேறொரு வேலையாக அந்த லயத்துக்குப் போன எங்கள் மருத்துவ மாது அந்தக் கடுதாசியைக் கண்டார். முதல் வரியிலேயே 'கார்சினோமா' என்று இருந்தது. கார்சினோமா என்றால் புற்றுநோய். கீழே இருந்த அந்த மூன்று நெகட்டிவும் வேறு விஷயம். அன்றைக்கு இரவு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த அக்கா பின்னர் ஊசி மருந்து ஏற்றி, ஒபரேஷன் செய்து, இன்றைக்கு நம்மோடு இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். "எம் பேர மட்டும் போடாதீங்க. நடந்தத எழுதுங்க" என்றார். மார்பில் கட்டி கண்டவர்களுக்கும், ரிப்போட் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழிப்பவர்களுக்கும், ஒபரேஷனுக்குத் திகதி கிடைத்துவிட்டுப் பயத்தில் இருப்பவர்களுக்கும் நாங்கள் அதன் பிறகு டொக்டர்மாரிடமும் நர்ஸ்மாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறோம்.

கட்டி எல்லாம் புற்றுநோய் இல்லை

நமது நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். ஆனாலும் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. எது எது என்று கையால் தடவிப் பார்த்து நாமாக முடிவு செய்ய முடியாது. "நோகல்லையே, அப்ப பயமில்ல" என்று சொல்வதைத்தான் நாங்கள் அதிகமாகக் கேட்கிறோம். உண்மை அதற்கு எதிர்ப்புறமாக இருக்கிறது. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் அநேகமாக நோவதில்லை. நோகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தால் காலம் போய்விடும். கட்டி மட்டும் அல்ல, மார்புத் தோல் ஓரிடத்தில் உள்ளே இழுபட்டுக் குழி விழுந்தாலும், தோடம்பழத் தோல் மாதிரி தடித்தாலும், காம்பு புதிதாக உள்ளே போனாலும், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலும், அக்குளில் கட்டி தட்டுப்பட்டாலும் காட்ட வேண்டும்.

யாரிடம் காட்டுவது? தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லுங்கள், அல்லது சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். 1996 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தக் கிளினிக்கில் 35 வயதைத் தாண்டிய பெண்களை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். கட்டி இருந்தால் வயதைப் பார்க்காமல் யாரும் போகலாம். அங்கிருந்து துண்டு எழுதி ஆஸ்பத்திரி சர்ஜிக்கல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள்.

அங்கே மூன்று விதமாகப் பார்ப்பார்கள். டொக்டர் கையால் பரிசோதிப்பார். பிறகு ஸ்கேன் அல்லது மெமோகிராம் எடுப்பார்கள். கடைசியாக ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். இதற்குப் பெயர் பயொப்சி. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஸ்கேனை முடித்துவிட்டு "ஊசி வேணாம்" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்பது வீண் பயம்.

ரிப்போட்டில் இருக்கும் சொற்கள்

'பினைன்' என்று இருந்தால் அது புற்றுநோய் அல்லாத கட்டி. 'மெலிக்னன்ட்' அல்லது 'கார்சினோமா' என்று இருந்தால் புற்றுநோய். 'இன்வேசிவ்' என்ற சொல்லைப் பார்த்தால், பால் வரும் குழாய்க்குள்ளே தொடங்கிய நோய் அந்தக் குழாயின் சுவரைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குள் வந்திருக்கிறது என்று பொருள். உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று பொருள் அல்ல. அநேகமானவர்களின் ரிப்போட்டில் இந்தச் சொல் இருக்கும்.

அடுத்தது 'கிரேட்'. 1, 2, 3 என்று போட்டிருப்பார்கள். இங்கேதான் பலர் உடைந்து போகிறார்கள். கிரேட் 3 என்பதைப் பார்த்துவிட்டு மூன்றாம் கட்டம், இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று அழுதவர்களைக் கண்டிருக்கிறோம். கிரேட் வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேட் என்பது நோயின் குணம், அதாவது எவ்வளவு வேகமாக வளரக்கூடியது என்பது. ஸ்டேஜ் என்பது அது எங்கே வரைக்கும் போயிருக்கிறது என்பது. கிரேட் 3 உள்ள ஒரு சிறிய கட்டி முதலாம் ஸ்டேஜிலேயே இருக்கலாம். சிறுத்தைக் குட்டி வேகமாக ஓடும்தான், ஆனால் அது இன்னும் குகையை விட்டு வெளியே வராமல் இருக்கலாம் அல்லவா, அப்படி.

ஸ்டேஜைக் குறிக்க டி, என், எம் என்று மூன்று ஆங்கில எழுத்துக்களைப் போடுவார்கள். டி என்பது கட்டியின் அளவு. 2 சென்ரிமீற்றர் வரை என்றால் டி 1, இரண்டுக்கு மேல் 5 வரை என்றால் டி 2. என் என்பது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா என்பது. எம் என்பது எலும்பு, ஈரல், நுரையீரல் போன்ற தூர இடங்களுக்குப் போயிருக்கிறதா என்பது. எம் பூச்சியம் என்றால் அப்படிப் போனதாகக் காணவில்லை என்று அர்த்தம்.

இனி நாங்கள் பிழை விட்ட இடம். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர் 2 என்று மூன்று வரிகள் இருக்கும். பக்கத்தில் பொசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்று போட்டிருப்பார்கள். இது நோய் இருக்கிறதா இல்லையா என்பதற்கான விடை அல்ல. நோய் இருப்பது மேலேயே முடிவாகிவிட்டது. இந்த மூன்று வரியும் எந்த மருந்து இதற்குப் பிடிக்கும் என்று டொக்டருக்குச் சொல்வதற்காக. ஈ.ஆர். பொசிட்டிவ் என்றால் பெண்மைச் சுரப்பைத் தின்று வளரும் நோய் அது. டெமொக்ஸிபென் போன்ற குளிசை 5 வருஷமோ அதற்கு மேலோ குடித்தால் அதைக் கட்டுப்படுத்தலாம். ஹெர் 2 பொசிட்டிவ் என்றால் அதற்கென்றே ஓர் ஊசி மருந்து உண்டு. மூன்றும் நெகட்டிவ் என்றால் அந்தக் குளிசையும் அந்த ஊசியும் வேலை செய்யாது, கீமோ என்னும் மருந்தைத்தான் முக்கியமாக நம்ப வேண்டும். ஆகவே மூன்று நெகட்டிவ் என்பது இன்னும் விரைவாகக் கிளினிக்குக்குப் போக வேண்டிய ரிப்போட். நாங்கள் அந்த அக்காவை வீட்டுக்கு அனுப்பினோம்.

சிலருக்கு உடனே ஒபரேஷன் செய்யாமல் முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். "எனக்கு முத்திப்போச்சி, அதுதான் வெட்டல்ல" என்று நினைக்க வேண்டாம். சிகிச்சையின் ஒழுங்கு ஆளுக்கு ஆள் மாறும்.

கத்தி பட்டால் பரவுமா?

லயத்தில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஆமாம் என்பார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கட்டியை ஒரு வருஷம், இரண்டு வருஷம் மறைத்து வைத்து, பச்சிலை கட்டி, எண்ணெய் பூசி, புண் உடைந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அதற்குள் நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ போயிருக்கும். ஒபரேஷன் செய்து சில மாதத்தில் ஆள் போய்விட்டால், "நல்லாத்தான் இருந்தா, கத்தி வச்சாங்க, போயிட்டா" என்று பேச்சு பரவுகிறது. கொன்றது தாமதம். பழி கத்திக்கு.

இதற்காக ரிப்போட் வந்த அன்றைக்கே மயங்கி விழவும் வேண்டாம். இது இன்றைக்கு நாளைக்கு உயிர் போகும் விஷயம் அல்ல. யோசிக்கவும், கேள்வி கேட்கவும், வீட்டு அலுவல்களை ஒழுங்கு செய்யவும் ஓரிரு கிழமை இருக்கிறது. ஆனால் தீபாவளி முடியட்டும், பிள்ளையின் சடங்கு முடியட்டும், கோயில் திருவிழா முடியட்டும் என்று தள்ளுவது வேறு. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2020 ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, புற்றுநோய் ஒபரேஷன் 4 கிழமை பிந்தினால் மரண ஆபத்து 6 முதல் 8 வீதம் கூடுகிறது. நாங்கள் தின்றது ஐந்து கிழமை.

தோட்டத்தில் சிலர் நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் வைக்கிறார்கள். இது ஒட்டுகிற நோய் அல்ல. பிள்ளைக்கும் ஒட்டாது, புருஷனுக்கும் ஒட்டாது. பாவமோ சாபமோ, பால் கட்டியதோ, கூடை இடித்ததோ காரணம் அல்ல.

முழுவதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா?

இரண்டு விதம் உண்டு. ஒன்று மார்பு முழுவதையும் எடுப்பது. மற்றது கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, மிச்ச மார்புக்குக் கதிர் சிகிச்சை கொடுப்பது. பொருத்தமானவர்களுக்கு இரண்டிலும் ஆயுள் ஒன்றுதான் என்பதை 20 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002 ஆம் ஆண்டில் உறுதி செய்தன. ஆனால் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தால் கதிர் சிகிச்சையை விடவே கூடாது. அதற்கு மஹரகமைக்கோ கண்டிக்கோ சில கிழமைகள் தொடர்ந்து போக வேண்டியிருக்கும். கட்டி பெரிதாக இருந்தாலும், பல இடத்தில் இருந்தாலும் முழுவதையும் எடுக்கச் சொல்வார்கள். முழுவதும் எடுத்த சிலருக்கும் கதிர் தேவைப்படும். "எனக்கு எது பொருந்தும், ஏன்?" என்று டொக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இரண்டிலும் அக்குளில் உள்ள முடிச்சுகளில் சிலவற்றையோ அநேகமானவற்றையோ எடுத்துச் சோதிப்பார்கள்.

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வேகமாகச் சொல்லிவிட்டுப் போனால் விளங்கியது போல் தலையாட்டாதீர்கள். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழ் தெரிந்த நர்ஸை அல்லது ஊழியரைக் கூப்பிடும்படி கேளுங்கள். மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடம் போகும் சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம். தாய்க்குப் புற்றுநோய் என்று அந்தப் பிள்ளை வாயாலேயே சொல்ல வைப்பது பெரிய கொடுமை.

இப்போது ஆண்களுக்கு. ஒபரேஷன் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டியது நோயாளிதான். அது அவருடைய உடம்பு. "எம் பொண்டாட்டிக்கு மார எடுக்க வேணாம்" என்று கிளினிக் வாசலில் நின்று கத்திய ஒருவரை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்த மனுஷன் கெட்டவர் அல்ல, பயந்தவர். பயத்தை வீட்டில் பேசித் தீருங்கள். ஒபரேஷன் நாளில் உங்கள் வேலை, பக்கத்தில் நிற்பதும் பிள்ளைகளுக்கு உலை வைப்பதும். இன்னொன்று, இந்த நோய் ஆண்களுக்கும் வரும், நூறு நோயாளிகளில் ஏறக்குறைய ஒருவர் ஆண்.

போவதற்கு முன்னால்

திகதி கிடைத்தவுடன் கடுதாசி எல்லாவற்றையும் ஒரு பையில் சேருங்கள். கிளினிக் கொப்பி, ஸ்கேன், பயொப்சி ரிப்போட், அடையாள அட்டை, குடிக்கும் குளிசைகள் எல்லாம். பிரஷர், சீனி, தொய்வு இருந்தால் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் அஸ்பிரின் போன்ற குளிசைகளை எப்போது நிறுத்துவது என்று டொக்டரிடமே கேளுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்து குடித்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏசினால் ஏசட்டும்.

நமது பெண்கள் பலருக்கு இரத்தம் குறைவு. ஒபரேஷனுக்கு முன் இரத்தம் சோதித்து இரும்புக் குளிசை தருவார்கள். அதைக் குடித்த கையோடு தேத்தண்ணி குடித்தால் தேயிலைச் சாயம் அந்த இரும்பை உடம்பில் சேர விடாது. வாழ்நாள் முழுக்கத் தேயிலையோடு கிடந்தும் இந்த விஷயம் எங்களுக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. குளிசையைத் தண்ணீரில் குடித்துவிட்டு ஓரிரு மணித்தியாலம் பொறுத்துத் தேத்தண்ணி குடியுங்கள்.

வெற்றிலை, புகையிலை, சுருட்டு எதுவாக இருந்தாலும் திகதி கிடைத்த அன்றே விட்டுவிடுவது நல்லது. புகையிலை காயம் ஆறுவதைப் பிந்த வைக்கும். ஒபரேஷன் அன்றைக்கு எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது என்று வாட்டில் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் ஏதும் இருந்தால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகலாம், அதனால்தான். விடியற்காலையில் பழக்க தோஷத்தில் ஒரு வாய் பால் தேத்தண்ணி குடித்தாலும் ஒபரேஷன் தள்ளிப்போய்விடும்.

தோடு, மூக்குத்தி, வளையல், தாலி எல்லாவற்றையும் தியேட்டருக்குப் போகும் முன் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்றச் சொன்னதும் மனம் உடைந்து அழும் பெண்கள் இருக்கிறார்கள். முந்திய நாளே வீட்டில் பெரியவர்களோடு பேசி, புருஷன் கையில் கொடுத்து வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து அவர் கையாலேயே போட்டுக்கொள்ளலாம். கைவிரல்களில் மருதாணியோ நகப்பூச்சோ வேண்டாம், விரலில் மாட்டும் மெஷினுக்கு அது தடங்கல். தலைக்கு மேலால் போடும் உடுப்பு உதவாது, கையைத் தூக்க முடியாது. முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொளப்பான சட்டை இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒபரேஷனுக்குக் காசு இல்லை. செலவு பஸ்ஸுக்கும், கூட வருபவருக்கும், விடுபடும் பேருக்கும்தான். சேமலாப நிதியில் 30 வீதம் வரை வைத்தியத் தேவைக்காக முன்னதாக எடுக்க 2012 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடம் கொடுத்தது. வருஷக் கணக்கு, கணக்கில் உள்ள தொகை என்று நிபந்தனைகள் உண்டு. வட்டிக்கு வாங்குவதற்கு முன் காரியாலயத்தில் வந்து கேளுங்கள்.

ஒபரேஷனுக்குப் பிறகு

கண் விழிக்கும்போது பக்கத்தில் ஒரு டியூப் தொங்கும். உள்ளே சேரும் நீர் வடிவதற்காக அதை வைத்திருப்பார்கள். சில நாட்களோ, அதற்கு மேலோ இருக்கும். டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால் எவ்வளவு வடிகிறது என்று தினமும் கொப்பியில் எழுதி வையுங்கள். வெட்டி எடுத்ததை மறுபடியும் சோதித்து இரண்டாவது ரிப்போட் ஒன்று சில கிழமையில் வரும். முதல் ரிப்போட்டில் இல்லாத விஷயம் அதில் இருக்கலாம். முதலில் பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். முதலில் ஒரு துணுக்கைப் பார்த்தார்கள், இப்போது முழுவதையும் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் மிச்சச் சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

கொழுந்து பறிப்பவருக்குக் கைதான் எல்லாம். அதனால் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாவற்றையும் நர்ஸ் சொன்னபடி அடுத்த நாளிலிருந்தே மெதுவாக அசைக்க வேண்டும். பயந்து கையை நெஞ்சோடு கட்டி வைத்தால் தோள் இறுகிவிடும், பிறகு தூக்க முடியாது. சுவரில் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் பயிற்சி சொல்லித் தருவார்கள், விடாமல் செய்யுங்கள். ஆனால் பாரம் தூக்குவது வேறு. முதல் ஆறு கிழமைக்குத் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, கொழுந்துக் கூடை எதுவும் கூடாது.

அக்குள் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையில் நீர் இறங்கும் பாதை குறைந்து, கை வீங்கலாம். மாதங்கள் கழித்தும், வருஷங்கள் கழித்தும் வரும். தேயிலை வாதுக் கீறல், அட்டைக் கடி, சுடுசட்டி சுட்டது போன்ற சின்னக் காயத்தையும் உடனே கழுவி மருந்து போடுங்கள். மலையில் நீளக் கைச் சட்டை போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வர வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. வேலைக்குத் திரும்பும்போது இலேசான வேலைக்கு டொக்டரிடம் கடிதம் கேட்டு வாங்கி வாருங்கள். வாயால் சொன்னால் கங்காணி மறந்துவிடுவார், கடிதம் இருந்தால் துரையிடம் பேச எங்களுக்கும் வசதி.

அந்த அக்கா இப்போது பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறார். மார்பு எடுத்த பக்கத்துக்குப் பழைய பருத்தித் துணியில் பஞ்சு வைத்து அவரே தைத்துக்கொண்டார், பிறகு ஒபரேஷன் செய்த இன்னும் இருவருக்கும் தைத்துக் கொடுத்தார். போன மாதம் கிளினிக்கில் ஒரு புது ரிப்போட் கொடுத்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் அதைப் பைக்குள் ஒளித்துவிட்டு, "ஐயா, நீங்க வாசிக்க வேணாம், நான் டொக்டர்கிட்டயே கேட்டுக்கிறேன்" என்று சிரித்தார். இனி யார் கடுதாசி கொண்டு வந்தாலும் நாங்கள் வாசித்து அர்த்தம் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். திகதியைப் பார்த்துச் சொல்வோம். கூட வர ஆள் இல்லாவிட்டால் நாங்களோ மருத்துவ மாதோ உங்களோடு பஸ் ஏறி வருவோம். கிளினிக்குக்கு இரண்டு நாளைக்கு முன்னர் சொல்லிவிடுங்கள்.